ஓட்டையும் அட்டவணையும்

1

சென்ற வருஷம் புதுக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். பழையது பத்து வருஷத்துக்கு மேல் உழைத்தது. அதன் மின்விசிறிச் சத்தம் பக்கத்து அறைவரை கேட்க ஆரம்பித்த பிறகுதான் மாற்றினேன். அதில் 30,000-க்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. பாதிக்கு மேல், நின்றுபோன சிறுபத்திரிகைகளின் பக்கங்கள். நண்பர்களிடம் இரவல் வாங்கி, ஸ்கேன் செய்து, காப்பிக் கறையையும் பூச்சி அரித்த இடங்களையும் திருத்தி, இதழ் வாரியாகவும் எழுதியவர் வாரியாகவும் அடுக்கி வைத்தவை. மிச்சம் குடும்பப் படங்கள். இரண்டு யந்திரங்களுக்கும் நடுவே ஒரு கேபிளைப் போட்டு, நகல் எடுக்கச் சொல்லிவிட்டுப் படுத்தேன். காலையில் எல்லாம் வந்திருந்தன. எண்ணிப் பார்த்ததில் ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை.

ஆனால் என் அம்மாவின் முகத்தில் பழைய கீறல் திரும்ப வந்திருந்தது.

அந்தப் படம் 1953-ல், அம்மாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன், கும்பகோணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. அட்டையின் பின்பக்கம் தாத்தாவின் கையெழுத்தில் தேதி இருக்கிறது. நெற்றியிலிருந்து தோள்வரை குறுக்கே ஒரு விரிசல். முகமெல்லாம் பூஞ்சைப் புள்ளிகள். நான்கு இரவு உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக நீக்கியிருந்தேன். படம் வந்துவிட்டது. அந்த நான்கு இரவுகள் வரவில்லை. பத்திரிகைப் பக்கங்களிலும் இதே கதைதான். நீக்கிய கறைகள் இருந்த இடத்தில் இருந்தன. நேராக்கிய பக்கங்கள் மீண்டும் சாய்ந்து நின்றன. எந்தக் கவிதை எந்த இதழில் என்று நான் கொடுத்திருந்த குறிப்புகள் ஒன்றையும் காணோம்.

இதில் மர்மம் எதுவுமில்லை. தவறும் என்னுடையதுதான். நான் நகலெடுத்தது படங்கள் இருந்த ஃபோல்டரை. என் திருத்தங்கள் படங்களில் இல்லை. அவை வேறொரு மூலையில், ஒரே ஒரு ஃபைலில், ஒரு பட்டியலாக இருந்தன. அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரிந்த ஸாஃப்ட்வேர் பழைய யந்திரத்தில் மட்டும் ஓடும். அதைச் செய்தவர்கள் செய்வதை நிறுத்திப் பல வருஷமாகிறது. அதன் பெயர் இங்கு அவசியமில்லை.

நான் இத்தனை காலம் ‘என் படங்கள்’ என்று சொல்லி வந்தது எதை என்ற கேள்வி அன்று காலை எழுந்தது. ஒரு படத்தின்மேல் நாம் எடுக்கும் முடிவு எங்கே குடியிருக்கிறது? படத்தின் உடம்பிலா, அதற்கு வெளியிலா? கம்ப்யூட்டர் மாற்றுகிற சங்கதி ஒரு இலக்கியப் பத்திரிகைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மூலம், உரை, பாடபேதம் என்று மூன்று சொற்களை வைத்துக்கொண்டு பல நூற்றாண்டுகளாக நாம் கேட்டு வந்ததும் ஏறக்குறைய இதே கேள்விதான் என்பது என் பதில்.

2

இந்தக் கேள்வி கம்ப்யூட்டரோடு பிறந்ததல்ல. போட்டோ நூலகம் ஒன்று இடம் பெயர்ந்த சரித்திரங்களில் நன்றாகப் பதிவாகியிருப்பது அமெரிக்க அரசாங்கத்தின் கிராமப்புறப் படத்தொகுதி. பொருளாதார வீழ்ச்சியின்போது, 1935-ல், ராய் ஸ்ட்ரைக்கர் என்பவரின் பொறுப்பில் விவசாயிகளின் நிலைமையைப் படம் பிடிக்கும் வேலை தொடங்கிற்று. 1937 முதல் இது ஃபார்ம் ஸெக்யூரிடி அட்மினிஸ்ட்ரேஷன் என்ற இலாகாவின் கீழ் நடந்தது. வாக்கர் எவன்ஸ், டோரதியா லாங், ரஸ்ஸல் லீ, பிறகு கார்டன் பார்க்ஸ் என்று இன்று புகைப்படக்கலையின் சரித்திரத்தில் நிலைத்துவிட்ட பலர் அதில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள்.

ஸ்ட்ரைக்கர் படம் எடுப்பவரல்ல; தேர்ந்தெடுப்பவர். வேண்டாம் என்று பட்ட நெகடிவில், பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் போடுவது போல, ஒரு ஓட்டை போட்டுவிடுவார். அல்லது அவரிடம் வேலை பார்த்தவர்கள் போடுவார்கள். அந்த நெகடிவிலிருந்து பிரதி எடுத்தால் ஓட்டை வழியாக வெளிச்சம் முழுசாகப் பாய்ந்து, காகிதத்தில் கரிய வட்டமாக விழும். ஒரு குழந்தையின் முகத்தில், ஒரு சோளக்காட்டின்மேல், வானத்தில் ஒரு கறுப்புச் சூரியன். எவன்ஸின் படங்களும் இதற்குத் தப்பவில்லை. புகைப்படக்காரர்களில் சிலர் இதை எதிர்த்தார்கள். ஆசிரியன் என்பவன் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வியைப் பத்திரிகை நடத்துகிற எவனும் இந்தக் கறுப்பு வட்டங்களுக்கு முன்னால் நின்று கேட்டுக்கொள்வது நல்லது.

இதே தொகுதியில் இன்னொரு திருத்தமும் உண்டு. டோரதியா லாங் 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவில் நிபோமோ என்ற இடத்தில் எடுத்த தாயின் படம் உலகம் அறிந்தது. படத்தின் கீழ் மூலையில், கூடாரக் கம்பத்தைப் பிடித்திருக்கும் ஒரு கையின் கட்டைவிரல் தெரியும். அது லாங்குக்கு உறுத்தியது. சில வருஷங்களுக்குப் பின் நெகடிவிலேயே அந்த விரலை அழிக்கச் செய்தார். அரசாங்க ஆவணத்தில் கை வைத்ததாக ஸ்ட்ரைக்கர் கோபித்துக்கொண்டார். ஓட்டை போட்டவருக்கு விரல் அழிந்தது பொறுக்கவில்லை என்பது வேடிக்கைதான். ஆனாலும் அவர் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. ஓட்டை தன்னை ஒளித்துக்கொள்வதில்லை. இங்கே ஒருவன் வேண்டாம் என்றான் என்று அது பகிரங்கமாகச் சொல்கிறது. அழித்த விரல் அப்படியல்ல. அழிப்பதற்கு முன் எடுத்த பிரதி தங்கியிருப்பதால்தான் அங்கே ஒரு விரல் இருந்தது என்று நமக்கு நிச்சயமாகத் தெரிகிறது.

1942-ல் இந்தத் தொகுதி யுத்தச் செய்தி இலாகாவுக்குப் போயிற்று. 1944-ல் காங்கிரஸ் நூலகத்துக்கு மாற்றப்பட்டது. சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகடிவ்கள். பெட்டிகளைத் தூக்குவது சுலபம். எந்த வரிசையில் வைப்பது என்பதுதான் கஷ்டம். பால் வான்டர்பில்ட் என்ற நூலகர் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரு புகைப்படக்காரர் ஒரு ஊருக்குப் போய் ஒரு விஷயமாக எடுத்த படங்களையெல்லாம் முதலில் ஒரு கட்டாகச் சேர்த்து, அந்த ஒழுங்கிலேயே மைக்ரோஃபிலிமில் பதிவு செய்தார். அதன் பிறகு பிரதிகளைப் பிரித்து, பிரதேச வாரியாகவும் பொருள் வாரியாகவும் அலமாரிகளில் அடுக்கினார். வீடு, வயல், பள்ளிக்கூடம், தேவாலயம் என்று தேடி வருபவனுக்கு அலமாரி. எடுத்தவன் என்ன நினைத்து எடுத்தான் என்று கேட்பவனுக்கு ஃபிலிம் சுருள். ஒரே படத்துக்கு இரண்டு அக்கம்பக்கம். ஒரு படத்தின் பொருள் அதன் பக்கத்தில் இருக்கும் படத்தையும் பொறுத்தது என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஒரு ஒழுங்கைக் கலைப்பதற்கு முன் அதைப் பதிவு செய்துகொண்டார்.

நமக்கு இது புதிதல்ல. குறளில் ஒரு அதிகாரத்துக்குள் பாட்டுகள் நிற்கும் வரிசை மணக்குடவரில் ஒருவிதம், பரிமேலழகரில் வேறுவிதம். இன்று நாம் எண் சொல்லிக் குறிப்பிடும் குறள் பரிமேலழகரின் வைப்புமுறையில் நிற்கும் குறள். எண்ணைச் சொல்லும்போதே உரையாசிரியன் ஒருவனின் முடிவை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். ஏடு பெயர்த்து எழுதியவர்கள் பாட்டை மட்டும் பெயர்க்கவில்லை, வரிசையையும் பெயர்த்தார்கள். வரிசை தவறினால் பாட்டு பிழைக்கும், அதிகாரம் பிழைக்காது.

ஆக, காகிதமும் ஃபிலிமும் இருந்த காலத்தில் முடிவுகள் உடம்பில் எழுதப்பட்டன. நம் ஊர் ஸ்டூடியோக்களில் டச்சிங் செய்கிறவர் கூராகச் சீவிய பென்சிலால் நெகடிவின்மேல் வேலை செய்தார். பத்திரிகை ஆபீஸில் எவ்வளவு வெட்ட வேண்டும் என்பதைப் படத்தின் மேலேயே கோடு போட்டுக் காட்டினார்கள். யார், எங்கே, எப்போது என்பதை அட்டையின் பின்பக்கம் எழுதினார்கள். படம் போன இடத்துக்கெல்லாம் முடிவும் கூடவே போயிற்று. திரும்பப் பெற முடியாது என்பது அதற்குக் கொடுத்த விலை.

3

கம்ப்யூட்டரில் படம் திருத்துவது முதலில் இந்த வழியைத்தான் பின்பற்றிற்று. அமெரிக்காவில் ஆன் ஆர்பரில் க்ளென் நால் என்ற பேராசிரியர் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு இருட்டறை வைத்திருந்தார். அவருடைய மகன்கள் இருவர். தாமஸ், மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். ஜான், ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களுக்குத் தந்திரக் காட்சி செய்த கம்பெனியில் வேலை பார்த்தவர். 1987-ல் தாமஸ் தன் மாக்கின்டாஷ் ப்ளஸ் யந்திரத்தில், கறுப்பும் வெள்ளையும் மட்டுமே அறிந்த அந்தத் திரையில், சாம்பல் நிறங்களைக் காட்டுவதற்காக ஒரு சிறு புரோக்ராம் எழுதினார். அதைப் பார்த்த ஜான் மேலே மேலே கேட்டுக்கொண்டே போனார். 1988-ல் அடோபி கம்பெனி அதை விற்கும் உரிமை பெற்றது. 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் முதல் பதிப்பு வெளிவந்தது.

அதன் கருவிகளின் பெயர்களில் இருட்டறையின் வாசனை இருக்கிறது. ஒரு இடத்தை வெளிறச் செய்யும் கருவிக்குக் குச்சியில் ஒட்டிய அட்டைத்துண்டின் படம். கருமையாக்கும் கருவிக்கு, வெளிச்சத்தை ஒரு இடத்தில் மட்டும் விழவைக்கக் குவித்த கையின் படம். அப்பாவின் அறையில் பிள்ளைகள் பார்த்த சைகைகள் சில பிக்ஸல்களாகத் தங்கிவிட்டன.

கம்ப்யூட்டரில் படம் என்பது எண்களின் கட்டம். ஃபோட்டோஷாப்பின் தொடக்க காலத்தில் திருத்தம் என்றால் எண்ணை மாற்றி எழுதுவது. பழைய எண் போய்விடும். செய்ததில் ஒரே ஒரு படிதான் திரும்ப முடியும். 1994-ல் மூன்றாம் பதிப்பில் ‘லேயர்’ வந்தது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு முடிவையும் ஒரு தாளில் வைத்துக்கொள்ளலாம். வேண்டாத தாளை உருவிவிடலாம். மூலத்தின்மேல் எழுதாமல் அதன்மேல் வைத்த தாளில் எழுதும் பழக்கம் இப்படிப் பரவிற்று. 1998-ல் ஐந்தாம் பதிப்பு, செய்தவற்றையெல்லாம் வரிசையாகக் காட்டி எந்தப் படிக்கும் திரும்பலாம் என்றது. ஆனால் ஃபைலை மூடினால் அந்த வரிசை மறைந்துபோகும். அன்றைய வேலைக்கு மட்டும் நினைவு.

ஃபோட்டோஷாப்பை விளக்கிக் காட்ட ஜான் நால் ஊர் ஊராகக் கொண்டுபோன படம் ஒன்று உண்டு. போரா போரா தீவின் கடற்கரையில், பின்னால் அவர் மனைவியாகப் போகிற பெண், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து கடலைப் பார்க்கிறாள். ‘சொர்க்கத்தில் ஜெனிஃபர்’ என்று அதற்குப் பெயர். பார்ப்பவர்கள் கண்ணெதிரே அவளை இரட்டிப்பார். தீவை நகலெடுத்துப் பக்கத்தில் இன்னொன்று வைப்பார். எத்தனையோ கம்ப்யூட்டர்களுக்குப் போன படம். ஆயினும் 2013-ல் கான்ஸ்டன்ட் டுல்லார்ட் என்ற ஓவியர் அதைத் தேடியபோது பொதுவில் நல்ல பிரதி கிடைக்கவில்லை. அதைக் காட்டிய வீடியோ ஒன்றின் திரையிலிருந்து பிடித்துச் செப்பனிட்டு மீட்டுருவாக்க வேண்டியதாயிற்று. உலகத்துப் படங்களையெல்லாம் மாற்றிய ஸாஃப்ட்வேரின் முதல் படத்துக்கே இந்த கதி.

4

நான் சிக்கிக்கொண்ட முறை பிற்பாடு வந்தது. ஆப்பிள் கம்பெனி 2005-ல் ‘அபர்ச்சர்’ வெளியிட்டது. அடோபி 2007 பிப்ரவரியில் ‘லைட்ரூம்’ வெளியிட்டது. இருட்டறைக்கு எதிர்ப்பதமாகப் பெயர் வைத்தார்கள். ஒருவர் ஆயிரக்கணக்கில் படம் எடுக்கத் தொடங்கிவிட்ட காலம் அது. இவற்றில் காமிரா தந்த படத்தை யாரும் தொடுவதில்லை. இவ்வளவு வெளிச்சம் கூட்டு, இத்தனை டிகிரி திருப்பு, இந்தப் புள்ளியைப் பக்கத்துத் தோலைக் கொண்டு மூடு என்று கட்டளைகள் மட்டும் ஒரு அட்டவணையில் சேர்கின்றன. படத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஸாஃப்ட்வேர் மூலத்தை எடுத்து, கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றி, நமக்குக் காட்டுகிறது. நாம் பார்ப்பது ஒரு பொருளை அல்ல, ஒரு நிகழ்ச்சியை. ஒவ்வொரு தடவையும் புதிதாக நடக்கும் ஒரு வாசிப்பை.

இதை ‘அழிவு செய்யாத திருத்தம்’ என்று சொல்லி விற்றார்கள். பெயர் பொய்யல்ல. ஸ்ட்ரைக்கரின் ஓட்டையால் ஆகாததை, அதாவது போட்ட பிறகும் எடுத்துவிடுவதை, இது சாதித்தது. ஆனால் அழிவு செய்யாதது வேறு, அழியாதது வேறு. மூலம் பத்திரமாக இருக்கிறது. அழியக்கூடியதாக ஆனது திருத்தம். உரை, மூலத்தை விட்டு முற்றிலும் பிரிந்து போய், தன்னைப் படிக்கத் தெரிந்த ஒரே ஒரு வாசகனை நம்பி உயிர் வாழத் தொடங்கிற்று.

புதுக் கம்ப்யூட்டருக்குப் போகும்போது இந்தப் பிரிவு தெரிய வருகிறது. லைட்ரூமின் அட்டவணை ஒரு தகவல் தளம். படம் அதற்குள் இல்லை. எந்த டிஸ்கில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் படம் இருக்கிறது என்ற விலாசம்தான் இருக்கிறது. புது யந்திரத்தில் டிஸ்கின் பெயர் மாறினால், நாமே ஒரு ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்தால், விலாசம் தப்பிவிடும். முடிவுகள் ஒரு பக்கம், படங்கள் ஒரு பக்கம் என்று ஒன்றையொன்று அறியாமல் ஒரே டிஸ்கில் கிடக்கும். கட்டளைகளைப் படத்தோடு ஒட்டி எழுதி வைக்கவும் வழி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு சிறு ஃபைலாக. ஆனால் எந்தப் படங்களை ஒன்றாகச் சேர்த்துத் தொகுதிகள் வைத்திருந்தோம் என்பது அதில் வராது. ஒரே படத்துக்கு இரண்டு விதமாகத் திருத்தம் செய்து பார்த்திருந்தால் இரண்டாவது வராது. வான்டர்பில்ட் ஃபிலிம் சுருளில் காப்பாற்றிக்கொண்ட விஷயம் இங்கே கைவிடப்படுகிறது.

கூகிள் 2004-ல் வாங்கி இலவசமாகக் கொடுத்த ‘பிகாஸா’வை நம் வீடுகளிலும் நிறையப் பேர் உபயோகித்தார்கள். அது திருத்தங்களை ஒவ்வொரு ஃபோல்டரிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபைலில் எழுதி வைத்தது. 2016-ல் அதை நிறுத்தினார்கள். கல்யாணப் படங்களைப் பென் டிரைவில் போட்டு வைத்திருப்பவர்கள் பலரிடம் அந்த ஃபைல் இன்னும் இருக்கும். அதை யாரும் திறந்து படிப்பதில்லை.

அபர்ச்சர் கதை இன்னும் துலக்கமானது. இனி அதை வளர்க்கப் போவதில்லை என்று 2014 ஜூனில் ஆப்பிள் அறிவித்தது. 2015 ஏப்ரலில் விற்பனையை நிறுத்திவிட்டு ‘ஃபோட்டோஸ்’ என்ற எளிய ஸாஃப்ட்வேரைக் கொடுத்தது. அபர்ச்சரில் படங்களுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரிக்கலாம். புதியதில் நட்சத்திரம் கிடையாது. ஆகவே இடம் பெயர்ந்தபோது நட்சத்திரங்கள் சொற்களாக மாறின. ஐந்து நட்சத்திரம் பெற்ற படத்தில் அப்படி ஒரு குறிச்சொல் ஒட்டப்பட்டிருந்தது. மதிப்பீடு தகவலாகிவிட்டது. லைட்ரூமுக்குப் போனவர்களுக்கு அடோபி ஒரு வழி செய்து கொடுத்தது. பெயர், தேதி, குறிச்சொல் எல்லாம் வந்தன. திருத்தங்கள் வரவில்லை. வேண்டுமானால் திருத்திய தோற்றத்தை ஒரு உறைந்த பிரதியாகக் கொண்டு வரலாம். அதாவது பழைய காகிதப் பிரதிக்கே திரும்புவது.

ஒரே ஸாஃப்ட்வேரை விடாமல் வைத்துக்கொண்டாலும் அது அதே வாசகனாக இருப்பதில்லை. லைட்ரூம் 2010-லும் 2012-லும் படத்தை வாசிக்கும் முறையையே மாற்றியது. பழைய முறையையும் உள்ளே வைத்துக்கொண்டு, விருப்பப்பட்டால் மாற்றிக்கொள்ளுங்கள் என்றது. மாற்றினால் நிழல்களும் வெளிச்சங்களும் நாம் விட்ட இடத்தில் இருக்காது. ஒரே மூலத்துக்கு இரண்டு உரைகளை ஒரே ஏட்டில் கட்டி வைத்தது போல. இதைச் செய்தவர்களுக்கு விஷயம் புரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

அடியில் யந்திரமும் மாறிக்கொண்டிருந்தது. மாக்கின்டாஷின் மூளைச் சில்லு 1994-ல் ஒருமுறை, 2006-ல் ஒருமுறை, 2020-ல் ஒருமுறை என்று மூன்று தடவை வேறு இனமாக மாறியது. ஒவ்வொரு தடவையும் பழைய ஸாஃப்ட்வேருக்குச் சில வருஷங்கள் ஒரு மொழிபெயர்ப்பாளனைத் துணைக்கு வைத்தார்கள். 2006-ல் வந்த மொழிபெயர்ப்பாளனை 2011-ல் அனுப்பிவிட்டார்கள். அதற்குள் பெயராதவன் பெயர்ந்திருக்க வேண்டும்.

இந்தச் சரித்திரத்தில் 2013-ஆம் வருஷத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த பிப்ரவரியில் கலிஃபோர்னியாவில் உள்ள கம்ப்யூட்டர் சரித்திர மியூஸியம், ஃபோட்டோஷாப் முதல் பதிப்பின் மூல நிரலை அடோபியின் சம்மதத்தோடு பொதுவில் வைத்தது. 179 ஃபைல்கள், சுமார் 1,28,000 வரிகள். பெரும்பகுதி பாஸ்கல் மொழியில் தாமஸ் நால் எழுதியது. யாரும் படிக்கலாம். ஆனால் ஓட்ட முடியாது. அது சார்ந்து நின்ற ஆப்பிளின் நிரல் தொகுதி ஒன்று அதில் சேரவில்லை. மூன்று மாதம் கழித்து, மே மாதத்தில், இனிமேல் தன் புதுப் பதிப்புகளை விலைக்குக் கொடுப்பதில்லை, வாடகைக்குத்தான் என்று அடோபி அறிவித்தது. ஒரே வருஷத்தில் பழைய நிரல் ஏட்டுச்சுவடி ஆயிற்று. புது நிரல் குடிக்கூலி வீடு ஆயிற்று. வாடகை நின்றால் படங்கள் நம்முடையவை, அவற்றின்மேல் நாம் செய்ய நினைப்பது வீட்டுக்காரருடையது.

5

இதற்கு இரண்டு வழிகள் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒன்று, ஒவ்வொரு யந்திரம் மாறும்போதும் எல்லாவற்றையும் புது வடிவத்துக்குப் பெயர்த்து எழுதிக்கொண்டே போவது. மற்றது, புது யந்திரத்தைப் பழைய யந்திரமாக நடிக்க வைத்து, பழைய ஸாஃப்ட்வேரை அதற்குள் ஓட்டுவது. ஜெஃப் ராதன்பர்க் 1995-ல் ‘ஸயன்டிஃபிக் அமெரிக்கன்’ பத்திரிகையில் இரண்டாவதற்காக வாதாடினார். பெயர்க்கப் பெயர்க்க ஏதாவது உதிர்ந்துகொண்டேயிருக்கும் என்பது அவர் கவலை. எமரி பல்கலைக்கழகம் ஸல்மான் ருஷ்டியின் காகிதங்களோடு அவருடைய பழைய மாக்கின்டாஷ்களையும் வாங்கி, 2010-ல் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்தபோது, அவற்றில் ஒன்றை இப்படி நடிக்க வைத்தது. எழுத்தாளர் எந்த ஃபைலை எந்த ஃபோல்டரில் வைத்திருந்தார் என்பதும் எழுத்தின் பகுதி என்று ஒரு நூலகம் ஒப்புக்கொண்டது. அதற்குப் பணமும் ஆட்களும் வேண்டும். என்னிடம் இருப்பது பரணில் ஏற்றத் தயாராக இருந்த ஒரு பழைய யந்திரம் மட்டும்.

எல்லாவற்றையும் உறைய வைத்துவிடுவது என்று முதலில் தீர்மானித்தேன். திருத்திய படங்களை எண்களாகவே எழுதி, எவரும் திறக்கக்கூடிய சாதாரணமான வடிவத்தில் வைத்துவிட்டால் முடிந்தது. முடிவு உடம்புக்கே திரும்பிவிடும். அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், என் அக்கா வந்த ஞாயிற்றுக்கிழமை வரை.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். புதுக் கம்ப்யூட்டரில் அம்மாவின் படம், கீறலோடு, திறந்திருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தாள்.

“இதுலதான்டா அம்மா மாதிரி இருக்கு” என்றாள். “நீ எனக்கு பிரிண்ட் போட்டுக் குடுத்தியே, அதுல ஏதோ ஒண்ணு இல்லாம இருந்தது. என்னன்னு எனக்கும் சொல்லத் தெரியலை.”

இடது கண்ணுக்குக் கீழே ஒரு புள்ளியைக் காட்டினாள். அம்மைத் தழும்பு. எனக்கு நினைவு தெரிந்த நாளில் அம்மா மூக்குக்கண்ணாடி போட ஆரம்பித்துவிட்டாள். தழும்பு கண்ணாடியின் விளிம்புக்கு அடியில் போய்விட்டது. நான் அதைப் பார்த்ததே இல்லை. பூஞ்சை என்று நினைத்து, அந்த நான்கு இரவுகளில் ஒன்றில், பக்கத்துத் தோலைக் கொண்டு மூடியிருக்கிறேன். லாங் அழித்தது வேண்டுமென்றே. நான் அழித்தது தெரியாமல். படத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

பழைய யந்திரத்தை இறக்கி ஓட்டினேன். நாலு தடவை முயன்ற பிறகு திரை வெளிச்சமாயிற்று. பழைய ஸாஃப்ட்வேர் அம்மாவின் படத்தைத் திறந்தது. அதன் ஓரத்தில் நான் செய்த திருத்தங்கள் எல்லாம் நின்றன. 63 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வட்டம். கண்ணுக்குக் கீழே இருந்த வட்டத்தைத் தொட்டு, அதை மட்டும் நீக்கினேன். நெற்றி விரிசல் வரவில்லை. பூஞ்சை வரவில்லை. தழும்பு மட்டும் வந்தது.

என்னை ஏமாற்றியது என்று நான் ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருந்த முறையால்தான் இது முடிந்தது. முதல் நாளே எல்லாவற்றையும் உறைய வைத்திருந்தால் அம்மாவின் தழும்பு விரிசலோடு சேர்ந்து போயிருக்கும். கீறல் வேண்டுமா, தழும்பு வேண்டாமா என்று இரண்டில் ஒன்றைத்தான் நான் தேர்ந்திருக்க முடியும். முடிவு வெளியே இருந்தால் தொலையும். உள்ளே இருந்தால் திரும்பாது. இதில் ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிறவர்கள் ஒன்று ஸாஃப்ட்வேர் விற்கிறவர்களாக இருக்க வேண்டும், அல்லது இதுவரை எந்தத் தவறும் செய்யாதவர்களாக இருக்க வேண்டும்.

வான்டர்பில்ட் செய்ததுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. கலைப்பதற்கு முன் பதிவு செய்துகொள்வது. சில மாதங்களாக இதைத்தான் செய்து வருகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் மூலம் ஒன்று, உறைய வைத்த பிரதி ஒன்று, என்ன செய்தேன் என்று சாதாரணத் தமிழில் நான்கு வரி. பத்திரிகைப் பக்கங்களுக்கு அவற்றின் வரிசை தனியாக ஒரு தாளில். 30,000 படங்களுக்கும் இது நடக்காது என்று தெரியும். நடந்தவரை நடக்கட்டும். பழைய யந்திரம் மேஜைக்கு அடியில் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்க்கிறேன். ஒரு நாள் அது எழுந்திருக்காது.

அக்காவுக்குப் புதுப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கொடுக்கும்முன் அதைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலால் எழுதினேன்: கும்பகோணம், 1953. 62 இடங்களில் திருத்தியது. கண்ணுக்குக் கீழே உள்ளது அம்மாவுடையது.